இரண்டு பக்கமும் மெருகு

துணி காயப்போடும்போது எல்லோரும் உள்பக்கத்தை வெளியே திருப்பித்தான் கொடியில் போடுவார்கள், வெயிலில் சாயம் போகக்கூடாது என்று. என் அண்ணி அப்படிப் போடமாட்டாள். தையலும் பிசிறும் நாலு பேர் கண்ணில் படுவதைவிடச் சாயம் போனால் போகட்டும் என்பாள். யாராவது வாசலில் வந்து நின்றால், அலமாரிக்குப் பின்னால் ஒரு துடைப்பு துடைத்துவிட்டுத்தான் கதவைத் திறப்பாள். அங்கே யார் எட்டிப் பார்க்கப்போகிறார்கள் என்று அண்ணன் தலையில் அடித்துக்கொள்வான்.

இதெல்லாம் என் அம்மாவின் வாயால் வந்தது. கல்யாணப் பேச்சுக்காக நாங்கள் முதன்முதலாக அண்ணி வீட்டுக்குப் போனபோது வீட்டு முகப்புக்குப் புதிதாக வண்ணம் அடித்திருந்தார்கள். கை கழுவப் பின்பக்கம் போன அம்மா அங்கே பூச்சே காணாத செங்கல் சுவரையும், வெடிப்பில் அடைத்திருந்த சாக்குத்துணியையும் பார்த்துவிட்டு வந்தாள். வந்ததும் எல்லோர் முன்னாலும், "என்ன சம்பந்தி, முன்னாடி மாளிகை, பின்னாடி மாட்டுக்கொட்டகையா?" என்றாள். விளையாட்டாகத்தான் சொன்னாள். எல்லோரும் சிரித்தார்கள், கல்யாணமும் நடந்தது. ஆனால் அறைக்குள் இருந்த அண்ணிக்கு அது கேட்டிருக்கிறது. அதன்பிறகு அடுப்பங்கரையில் எது குறைந்தாலும், "உங்க வீட்டுப் பின்சுவர் மாதிரி இருக்கு" என்பது அம்மாவின் வாடிக்கைப் பேச்சாகிவிட்டது. அண்ணிக்குக் கழுத்திலிருந்து காதுவரை சிவந்துபோகும், அவ்வளவுதான்.

அண்ணிக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை. அதே கட்டடத்தில் டீ போட்டு அறை அறையாகக் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை எனக்கு. அதையும் அண்ணிதான் சொல்லி வாங்கிக்கொடுத்தாள். நான் ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். நாலு பேருக்கு நடுவில் எனக்கு வாய் எழும்பாது. அம்மா என்னை ஊமைக்கோட்டான் என்றுதான் கூப்பிடுவாள். ஆனால் டீ கொண்டுவருகிறவளைப் பார்த்து யாரும் பேச்சை நிறுத்துவதில்லை. அப்படிக் காதில் விழுந்ததும், பஸ்ஸில் அண்ணி சொன்னதும் சேர்ந்து அங்கே என்ன நடக்கிறது என்று எனக்கு ஓரளவு புரிந்திருந்தது.

அணு உலையில் எரிபொருளைத் தாங்கி நிற்பது ஒரு வகைப் பீங்கான். நாம் டீ குடிக்கிற கோப்பையின் ஒன்றுவிட்ட அண்ணன் என்று வைத்துக்கொள்ளலாம். எரிபொருள் உள்ளே பிளக்கும்போது சிதறுகிற துண்டுகள் அந்தப் பீங்கானை ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கும். அந்த இடியில் பீங்கானுக்குள் இருக்கும் அணுக்கள் இடம்பெயர்ந்துபோகும். "நம்ம பஸ்ஸுல திடீர்னு பிரேக் போட்டா எல்லாரும் ஒருத்தர் மேல ஒருத்தர் விழுறோம்ல, அது மாதிரி" என்றாள் அண்ணி. "விழுந்தவங்க எழுந்து அவங்கவங்க இடத்துக்குப் போயிட்டா ஒண்ணுமில்ல. போகாம அங்கங்க முட்டிக்கிட்டு நின்னா பஸ் உப்பிப்போயிடும். பீங்கானும் அப்படித்தான். உப்பும், கொப்புளம் விடும், கடைசியில வெடிக்கும்."

அப்படி உப்பாத பீங்கானைத்தான் எங்கள் டாக்டரம்மா தேடிக்கொண்டிருந்தார். அண்ணியின் பிரிவுக்கு அவர்தான் தலைவர். நரைத்த தலையை வாராமல் முடிந்துகொண்டு, ஒரே செருப்பை ஆண்டுக்கணக்கில் போட்டுக்கொண்டு திரிவார். பல காலம் பாடுபட்டு அவர் ஒரு புதுக் கலவை கண்டுபிடித்திருந்தார். எரிபொருளைச் சேர்க்கும் முன்னால் வெறும் பீங்கானை மட்டும் வில்லையாக்கி, வேறு ஊரில் இருக்கும் ஒரு கதிர் இயந்திரத்தில் வைத்து அடித்துப் பார்ப்பார்கள். அந்த அடி வில்லையின் ஒரு பக்கத்தில்தான் விழும். அதுவும் தலைமுடிப் பருமனில் சிறு பங்கு ஆழம்தான் உள்ளே இறங்கும். திரும்பி வந்ததும் அந்தப் பக்கத்தைப் பெரிய மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் எடுப்பார்கள்.

அந்த ஒரு பக்கத்துக்கு மெருகேற்றுவதுதான் அண்ணியின் வேலை. சட்டைப் பொத்தான் அளவு வில்லையை மெழுகில் ஒட்டி, சுழலும் தட்டில் முதலில் முரட்டுத் தாள், பிறகு மென்மையான தாள், கடைசியில் வைரத்தூள் கலந்த பசை என்று தேய்த்துக்கொண்டே போவாள். முடியும்போது அதில் தன் கண் இமை தெரியவேண்டும். மறுபக்கத்தை அறுத்தது அறுத்தபடி சொரசொரப்பாக விட்டுவிடுவார்கள். பளபளப்பது முகம், சொரசொரப்பது முதுகு. அங்கே எல்லோருக்கும் அதுதான் அடையாளம். வேறு குறி எதுவும் போடுவதில்லை, தேவைப்பட்டதும் இல்லை.

ஒருநாள் வெளியிலிருந்து சில பெரிய மனிதர்கள் கூடத்தைச் சுற்றிப் பார்க்க வந்தார்கள். நான் தட்டோடு நின்றிருந்தேன். டாக்டரம்மா புதுக் கலவை வில்லை ஒன்றை எடுத்துக்காட்டி, "இது எங்க அம்மணி கைவண்ணம்" என்று அண்ணியைக் கைகாட்டினார். வந்தவர்களில் ஒருவர் அதை வாங்கி முகத்தைப் பார்த்தார். ஆகா என்றார். அப்புறம் சாதாரணமாகத் திருப்பிப் பார்த்தார்.

"அட, பின்பக்கம் இப்படித்தானா?"

"பின்பக்கம் யாருக்குங்க வேணும்?" என்றார் டாக்டரம்மா. எல்லோரும் சிரித்துவிட்டு அடுத்த அறைக்குப் போனார்கள். யாரும் அதை நினைவில் வைத்துக்கொள்ளவில்லை. நான் மட்டும் அண்ணியின் காதைப் பார்த்தேன். சிவந்திருந்தது.

அடுத்து வெளியூருக்குப் போன புதுக் கலவை வில்லைகளுக்கு அண்ணி இரண்டு பக்கமும் மெருகு போட்டாள். கூடவே ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகப் பழைய பீங்கான் வில்லைகளும் போகும். அவற்றுக்கு நேரமில்லை, வழக்கம்போல ஒரு பக்கம்தான். பெட்டியை மூடும் முன் என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். இடுக்கியால் ஒன்றைத் தூக்கித் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"எப்படி?"

"எது முகம் அண்ணி?"

"ரெண்டும் முகந்தான்" என்று சிரித்தாள். அவள் அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை.

வில்லைகள் போய்த் திரும்பி வந்தன. படம் எடுக்கிறவரை நாங்கள் படக்காரர் என்போம். இளவட்டம், வாய் ஓயாதவர், அண்ணியைச் சொந்த அண்ணியைப்போலவே அண்ணி என்றுதான் கூப்பிடுவார். பழைய பீங்கானைப் பார்த்தார், எதிர்பார்த்ததுபோலக் கொப்புளம். புதுக் கலவையைப் பார்த்தார். ஒரு பொட்டுக்கூட இல்லை. மூன்று வில்லையிலும் இல்லை.

கட்டடமே கலகலப்பாகிவிட்டது. டாக்டரம்மா கேக் வாங்கிவரச் சொன்னார். நான் டீ ஊற்றிக்கொண்டிருந்தேன். அவர் படங்களைச் சுவரில் ஒட்டிவிட்டு நின்று நின்று பார்த்தார்.

"அடியே வாங்காத மாதிரி இருக்கு பாருங்க!"

"அண்ணி போட்ட மெருகைப் பார்த்துக் கதிரே பயந்து திரும்பிப் போயிருக்கும்" என்றார் படக்காரர். எல்லோரும் சிரித்தார்கள். அண்ணியும் சிரிக்கத்தான் வாயைத் திறந்தாள். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. கையிலிருந்த கேக்கைத் தட்டில் வைத்தாள். பிறகு அதை எடுக்கவே இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போனால் தெருவில் அம்மாவின் குரல் கேட்டது. எங்களுக்கு முன்பே யாரோ சேதி சொல்லியிருக்கிறார்கள். பக்கத்து வீட்டுக்காரியிடம், "பெரிய பெரிய படிப்பு படிச்சவங்க இருக்கலாம். என் மருமக கை பட்டாத்தான் அந்தப் பீங்கான் பீங்கானா நிக்குது. தெரியுமா உனக்கு?" என்று அளந்துகொண்டிருந்தாள். அண்ணி இந்த வீட்டுக்கு வந்து அத்தனை காலத்தில் அம்மா அவளை ஒரு வார்த்தை உயர்த்திச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. அண்ணியைப் பார்த்ததும், "வாம்மா, களைச்சுப் போயிருப்ப, உட்காரு" என்றாள். அண்ணி உட்காரவில்லை. துணி எடுக்கவேண்டும் என்று மாடிக்குப் போய்விட்டாள். நான் பின்னாலேயே போனேன்.

கொடியைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"அங்க கதிர் அடிக்கிறவர் ஒருத்தர் இருக்காருல்ல. வேலை முடிஞ்சதும் வில்லைகளை ஒண்ணொண்ணா எடுக்கமாட்டாராம். வில்லைகளைப் பிடிச்சிருக்குற தாங்கியோட கிளிப்பைத் தளர்த்திட்டு அப்படியே பஞ்சு மேல கவுத்துடுவாராம். எல்லாம் குப்புற விழும். அப்படியே பெட்டியில வச்சு அனுப்பிடுவார். பளபளன்னு இருக்குற பக்கத்தை இங்க பார்த்து எடுத்துக்குவாங்கன்னு அவருக்குத் தெரியும்."

எனக்கு உடனே புரியவில்லை.

"நான் அனுப்பினதுல ரெண்டு பக்கமும் பளபளன்னு இருந்துச்சே" என்றாள். "மேல இருந்த பக்கத்தைத்தான் படம் எடுத்திருப்பாங்க. அது முதுகு. அடி வாங்காத பக்கம்."

"ஒருவேளை சரியான பக்கமா இருந்தா?"

"இருக்கலாம்" என்றாள். அவள் குரலில் அந்த நம்பிக்கை இல்லை.

அடுத்த வாரம் ஒரு குழு வருவதாக இருந்தது. அவர்கள் சரி என்றால் புதுக் கலவையில் எரிபொருளைச் சேர்த்து, உண்மையான உலைக்குள் வைத்துப் பார்ப்பார்கள். உள்ளே போனபிறகு உப்பினால், வெடித்தால், அதைப் பொதிந்திருக்கும் குழாயும் கெடும். அதையெல்லாம் பஸ்ஸில் எனக்குச் சொன்னவளே அண்ணிதான். யாரிடமும் சொல்லாமல் இருக்க முடியாது என்று அவளுக்குத் தெரியும். சொல்லவும் வாய் வரவில்லை. "என்னன்னு சொல்லுவேன்? பின்பக்கம் அசிங்கமா இருந்துச்சு, அதான் தேய்ச்சேன்னா? கேட்டா காறித் துப்பமாட்டாங்க?"

முதலில் வேறு வழி பார்த்தாள். படக்காரரிடம் போய், அந்த வில்லைகளின் மறுபக்கத்தை ஒருதரம் பார்க்க முடியுமா என்று கேட்டாள். நான் அங்கே கோப்பைகளை எடுத்துக்கொண்டிருந்தேன்.

"எதுக்கு அண்ணி?"

"சும்மாதான். மெருகு எப்படி வந்திருக்குன்னு பார்க்க."

"ஐயோ அண்ணி, உங்களுக்குப் பெருமை பத்தலையா? மெஷின் இந்த வாரம் முழுக்க வேற ஆளுக்கு. அப்புறம் உங்க அழகை நிதானமா ரசிக்கலாம்."

வெளியே வந்ததும் அண்ணி சுவரில் சாய்ந்துகொண்டாள். "பொய் வேற சொல்லிட்டேன் பாரு" என்றாள். தவறு செய்தபோது இல்லாத ஒரு கூச்சம் அப்போது அவள் முகத்தில் இருந்தது. தவறைத் தெரியாமல் செய்தாள். இதைத் தெரிந்தே செய்தாள்.

அதன்பிறகு இரண்டொரு நாள் அவளைப் பார்க்கவே முடியவில்லை. பாராட்ட வருகிறவர்களைக் கண்டால் குளியலறைக்குள் போய்விடுவாள். வீட்டில் அம்மா தட்டில் கூடுதலாக எடுத்துவைப்பாள். அண்ணி அதை அப்படியே என் தட்டுக்குத் தள்ளிவிடுவாள். "என் மருமக" என்று தெருவில் குரல் கேட்டால் ஜன்னலைச் சாத்துவாள். அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, "அம்மா ஏதாவது சொல்லிடுச்சா?" என்று கேட்டான். "இல்ல, பாராட்டுது" என்றேன். "அப்ப சரி" என்று போய்விட்டான்.

குழு வருவதற்கு முந்தின நாள் காலையில், டாக்டரம்மா அறையில் நான் டீ வைத்துக்கொண்டிருக்கும்போது அண்ணி உள்ளே வந்தாள். கதவைச் சாத்தினாள். என்னைப் போகச் சொல்லவில்லை. நானும் போகவில்லை, அவள் தனியாக நிற்பதைவிட நானும் நிற்கலாம் என்று தோன்றியது.

"அம்மா, புதுக் கலவைக்கு நான் ரெண்டு பக்கமும் மெருகு போட்டுட்டேன். நீங்க பார்த்தது அடி வாங்காத பக்கமா இருக்கும்னு நினைக்கிறேன்."

நின்ற இடத்திலேயே ஒரே மூச்சில் சொன்னாள். பிறகு ஒரு கையை மறுகையால் பிடித்துக்கொண்டாள்.

டாக்டரம்மா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். டீயில் ஆடை படிந்தது.

"ஓரத்துல ஒரு கோடு இருந்திருக்கணும்" என்றார் கடைசியில். "தாங்கியோட கிளிப்பு மறைக்கிற இடத்துல கதிர் விழாது. விழுந்த இடத்துக்கும் விழாத இடத்துக்கும் நடுவுல கோடு தெரியும். எந்த வில்லையிலயும் தெரியும். இதுல இல்ல."

"பார்த்தீங்களாம்மா?"

"முதல் நாளே பார்த்தேன். கெட்டுப்போகவே இல்ல, அதனால கோடும் இல்லன்னு எனக்கு நானே சொல்லிக்கிட்டேன்." அண்ணியைப் பார்க்காமல் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு பேசினார். "திருப்பிப் போட்டுப் பார்க்க எவ்வளவு நேரம் ஆகப்போகுது? பயமா இருந்துச்சு. கேக் வேற வாங்கிட்டேன்."

அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியவில்லை. நான் தட்டைப் பார்த்தேன்.

மைக்ராஸ்கோப்பில் இருந்த ஆளிடம் டாக்டரம்மாவே போய்க் கேட்டு இயந்திரத்தை வாங்கினார். படக்காரர் வில்லையைத் திருப்பி வைத்தார். அன்று அவர் வாயிலிருந்து ஒரு வேடிக்கைப் பேச்சும் வரவில்லை. திரையில் முதலில் ஓரம் வந்தது. கோடு இருந்தது. கோட்டுக்கு அந்தப்பக்கம் அம்மைத் தழும்புபோலக் கொப்புளம், கிட்டக் கிட்ட. பழைய பீங்கானைவிடச் சிறியவை, கொஞ்சம் குறைவு. அவ்வளவுதான் வித்தியாசம்.

"ம்" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் குழுவின் முன்னால் அவர் அதைத்தான் சொன்னார். சுவரில் ஒட்டியிருந்த பழைய படங்களைத் தன் கையாலேயே எடுத்துவிட்டிருந்தார். தவறான பக்கத்தைப் பார்த்துவிட்டோம், சரியான முடிவு இது, கலவை இன்னும் தயாராகவில்லை, உலைக்கு அனுப்பவேண்டாம் என்றார். பொறுப்பு முழுக்கத் தன்னுடையது என்றார். அண்ணி சுவரோரம் மற்ற வேலைக்காரர்களுடன் நின்றிருந்தாள். வாயை மூடிக்கொண்டிருந்தால் அதோடு போயிருக்கும். ஆனால் குழுத் தலைவர், "பக்கம் எப்படிங்க மாறும்? முதுகுதான் சொரசொரன்னு இருக்குமே?" என்று கேட்டார். டாக்டரம்மா பதிலுக்குத் தடுமாறினார்.

"நான்தாங்க" என்றாள் அண்ணி. "முதுகுக்கும் மெருகு போட்டேன்."

"ஏம்மா? யார் சொன்னா?"

"யாரும் சொல்லல."

"அப்புறம் ஏன்?"

அவளிடம் இருந்த உண்மையான பதிலை அந்த அறையில் சொல்ல முடியாது. அதற்கு ஒரு செங்கல் சுவரிலிருந்து தொடங்கவேண்டும்.

"திருப்பிப் பார்த்தாலும் நல்லா இருக்கட்டும்னு..."

யாரோ ஒருவர் களுக்கென்று சிரித்தார். அப்புறம் அறை முழுக்கச் சிரித்தது. கெட்ட சிரிப்பு இல்லை. இறுகிக்கிடந்த இடத்தில் ஒரு சாக்கு கிடைத்துச் சிரித்தார்கள். தலைவர்கூட, "நல்ல மனசும்மா உனக்கு" என்றார். அண்ணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தட்டை மேசையில் வைத்துவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன்.

அன்று மாலை அம்மாவிடமும் அவளே சொன்னாள். செருப்பைக்கூடக் கழற்றவில்லை, வாசலிலேயே சொன்னாள். அம்மா கேட்டுவிட்டு, "இதை ஏன் நீயா போய்ச் சொன்ன? யாராவது கேட்டாங்களா?" என்றாள்.

"கேட்டாங்க அத்தை."

"அதுக்காகக் காரணத்தையுமா சொல்லணும்? சிரிச்சாங்களா?"

"சிரிச்சாங்க."

அம்மா என்னவோ சொல்ல வாயெடுத்தாள். அது என்னவாக இருக்கும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும். அண்ணியும் அதற்காகத்தான் கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றதுபோல இருந்தது. அம்மா சொல்லவில்லை. அடுப்பில் பால் பொங்குவதாகச் சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். அடுப்பில் பால் எதுவும் இல்லை. அடுத்த நாள் பக்கத்து வீட்டுக்காரி, "உங்க மருமக பீங்கான் என்ன ஆச்சு?" என்று கேட்டபோது, "உனக்கெதுக்கு அதெல்லாம்?" என்று கதவைச் சாத்தினாள். அம்மா வெட்கப்பட்டது மருமகளை நினைத்தா, தன்னை நினைத்தா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் வாரியல் அடிதான் கிடைத்திருக்கும்.

குழு புதுக் கலவையைத் தள்ளிவிடவில்லை. இன்னும் சரிசெய்து கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனது. டாக்டரம்மா மறுபடி பொடியை அரைக்க ஆரம்பித்தார். அண்ணியைத் திட்டவும் இல்லை, வேலையிலிருந்து மாற்றவும் இல்லை. முன்பெல்லாம் டீயை எடுத்துக்கொண்டு மெருகு அறைக்கு வந்து முக்காலியில் உட்கார்ந்து குடிப்பார். அது நின்றுபோனது. நடைபாதையில் இருவரும் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரைப் பார்ப்பார், ஒருவர் கையிலிருப்பதைப் பார்ப்பார். கோபம் என்று மற்றவர்கள் நினைத்தார்கள். அது கோபம் இல்லை என்று எனக்குத் தெரியும்.

அடுத்த வில்லைகள் தயாரானபோது அண்ணி முகத்துக்கு மட்டும் மெருகு போட்டாள். முதுகை அறுத்தது அறுத்தபடி விட்டாள். ஒன்று அறுக்கும்போதே கொஞ்சம் வழவழப்பாக வந்துவிட்டது. அதை முரட்டுத் தாளில் வைத்துக் கீறினாள். எனக்கு முதுகு காட்டி உட்கார்ந்துகொண்டு கீறினாள். நான் டீயை வைத்துவிட்டுச் சத்தமில்லாமல் வந்துவிட்டேன்.

அன்றைய சிரிப்பில் அவளுக்கு ஒரு பெயர் ஒட்டிக்கொண்டது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது. படக்காரராகத்தான் இருக்கவேண்டும், அவர் இல்லை என்கிறார். இப்போது புதிதாகச் சேருகிறவர்கள்கூட ஏன் என்று தெரியாமலே அதைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள். "ரெண்டு பக்கம் அண்ணி, இந்த வில்லையைக் கொஞ்சம் பாருங்களேன்!" என்று நடைபாதையில் குரல் வரும். அண்ணி நிற்பாள். கழுத்து சிவக்கும். தலை ஒரு நொடி குனியும். பிறகு திரும்பி, "என்னப்பா, கொண்டா" என்று கையை நீட்டுவாள். அந்த ஒரு நொடி குறையும் குறையும் என்று நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன். இன்னும் குறையவில்லை.